நாலாவது எழுத்து: ஆய்வுக்கு ஈஸ்டா, மட்டி வாழையா, மனித மரபணுவா?

கருங்கல் பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோகும் எம்எஸ்சி மாணவி ஒருத்தி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தாள். ஈஸ்ட்கள். மட்டி வாழை. மனிதனில் தலசீமியா என்ற ரத்த நோய். "மூணும் நல்லாத்தான் இருக்கு மிஸ். எதை எடுக்கணும்னுதான் தெரியல்ல" என்றாள்.

கடைசி செமஸ்டரில் ஆய்வேட்டுக்குக் கிடைப்பது நாலு மாதம். அவளிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப். காசு கொடுத்து ஆர்என்ஏவை வரிசையிட, அதாவது அதன் எழுத்து வரிசையைப் படித்தெடுக்க, வழியில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர். இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்று வரிக்கும் அடியில் கேள்வி ஒன்றுதான். ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் புரதங்கள், எந்த இடத்தில் வெட்டுவது என்று எப்படித் தேர்ந்தெடுக்கின்றன? அந்த விருப்பம் பரிணாமத்தில் எப்படி மாறியது? இதே குழப்பத்தோடு வருகிற பிள்ளைகள் வருஷத்துக்கு நாலைந்து பேராவது இருக்கிறார்கள். அதனால் அன்று அவளிடம் பேசியதை விரிவாக எழுதிவைக்கிறேன். என் முடிவு ஈஸ்ட். மற்ற இரண்டும் மட்டம் என்பதற்காக இல்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

நம் மரபணுவில் புரதத்துக்கான செய்தி தொடர்ச்சியாக எழுதப்படவில்லை. நடுநடுவே செய்தியில் சேராத துண்டுகள் கிடக்கின்றன. அவை இன்ட்ரான்கள். மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுத்த பிறகு, இன்ட்ரான்களை வெட்டி எடுத்துவிட்டு மிச்சமுள்ள எக்ஸான்களை ஒட்ட வேண்டும். ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் இருவரின் குழுக்களும் 1977இல் தனித்தனியாக அடினோவைரஸில் இதைக் கண்டுபிடித்தன. 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

குளச்சல் கடற்கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிழிசலைச் சுற்றி நல்ல கண்ணி வரைக்கும் அறுத்துவிட்டுத்தான் சேர்த்துப் பின்னுவார்கள். ஒரு கண்ணி பிசகினாலும் வலை ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். ஆர்என்ஏவில் இது இன்னும் கடுமை. செய்தி மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவதால், வெட்டு ஓர் எழுத்து தள்ளிப்போனால் அதற்குப் பிறகு வருவது எல்லாமே தப்பாகிவிடும்.

வெட்டி ஒட்டும் இந்த வேலைக்கு ஸ்பிளைசிங் என்று பெயர். இதைச் செய்கிற கூட்டமைப்புதான் ஸ்பிளைசோசோம். யு1, யு2, யு4, யு5, யு6 என்ற ஐந்து சின்ன ஆர்என்ஏக்களும், மனிதனில் நூற்றுக்கு மேற்பட்ட புரதங்களும் சேர்ந்தது. அதற்கு அடையாளமாக இருப்பது என்ன? இன்ட்ரான் பெரும்பாலும் ஜி, யு என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். ஏ, ஜி என்ற இரண்டில் முடியும். ஆனால் ஏ, யு, ஜி, சி என்று நாலே எழுத்துள்ள மொழியில் ஜியு என்ற ஜோடி பதினாறு இடத்துக்கு ஒன்று தற்செயலாகவே வந்துவிடும். ஆகவே ஜியுவை அடுத்து வரும் எழுத்துகளும் சேர்ந்துதான் உண்மையான இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. இன்ட்ரானின் மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள். நம் கதை அந்த நாலாவது எழுத்தைப் பற்றியது.

வெட்டும் இடத்தை முதலில் வந்து பிடிப்பது யு1. அதன் முனையிலுள்ள எழுத்து வரிசை மனிதனிலும் ரொட்டி ஈஸ்டிலும் ஒன்றேதான். அந்த முனையோடு நன்றாகப் பொருந்த வேண்டுமானால் இன்ட்ரான் ஜியுஏஏஜியு என்று தொடங்க வேண்டும். நாலாவது எழுத்து ஏ. மனித இன்ட்ரான்கள் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன, இருந்தாலும் நிறைய நெகிழ்ச்சி உண்டு. ரொட்டி ஈஸ்டில் பெரும்பாலான இன்ட்ரான்கள் ஜியுஏயுஜியு என்று கறாராகத் தொடங்குகின்றன. நாலாவது எழுத்து யு.

அவளிடம் நோட்டில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பிடிக்குற கை ஒண்ணுதான மிஸ்? பிறகு எதுக்கு ஈஸ்ட் பொருந்தாத எழுத்தை வச்சிருக்கு?" என்றாள். அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கிற பிள்ளைக்கு இந்தத் துறை கைகூடும்.

பதில் யு1இல் இல்லை. வெட்டுவதற்கு முன்னால் யு1 விலகிக்கொள்கிறது. அந்த இடத்தை யு6 எடுத்துக்கொள்கிறது. யு6இல் ஓர் அடினின் (ஏ என்ற எழுத்தின் முழுப்பெயர்), இன்ட்ரானின் நாலாவது எழுத்துக்கு நேர் எதிரே வந்து உட்காரும். மனிதன் உட்படப் பல உயிர்களில் அந்த அடினின்மேல் மெத்தில் குழு என்ற சின்ன வேதித் துண்டு ஒன்று ஏற்றப்பட்டிருக்கும். ஏற்றுகிற நொதிக்கு மெட்டில்16 என்று பெயர். இரண்டாகப் பிளந்து பெருகும் பிளவு ஈஸ்டில் அதுவே எம்டிஎல்16, தாவரங்களில் ஃபியோ1. ரொட்டி ஈஸ்டில் இந்த நொதி கிடையாது. அங்கே யு6இன் அடினின் வெறுமனே நிற்கிறது. வெறும் அடினினுக்கு யு இயல்பான ஜோடி. மெத்தில் ஏறிய அடினின் எதிரே ஏவும் இணைந்து நிற்கிறது. ஆக, நொதி இருக்கிறதா இல்லையா என்பது, அந்த உயிரின் இன்ட்ரான்களின் நாலாவது எழுத்தில் தடம் பதித்துவிட்டுப் போகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைப் பல சிற்றினங்களில் ஒப்பிட்டுக் காட்டியது ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு. கட்டுரை 2023இல் வெளிவந்தது. சாக்கரோமைகோட்டினா என்ற பெரிய ஈஸ்ட் பிரிவை எடுத்துக்கொண்டு, எந்தச் சிற்றினத்தில் எந்த ஸ்பிளைசிங் புரதம் இருக்கிறது, எது தொலைந்திருக்கிறது என்று ஒருபக்கம் பட்டியலிட்டார்கள். வெட்டும் இடத்தின் ஒவ்வோர் எழுத்தும் எப்படி மாறுகிறது என்று மறுபக்கம். தொடக்க முனையில் அதிகமாக மாறியது நாலாவது எழுத்துதான். மெட்டில்16 தொலைந்த கிளைகளில் அது யு பக்கம் சாய்ந்திருந்தது. கூடவே இன்னொரு புரதமும் சிக்கியது: எஸ்என்ஆர்என்பி27கே. அது தொலைந்தாலும் யு பக்கம் சாய்வு. புரதம் இருந்து, அதில் மெத்தியோனின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருந்தாலும் அதே சாய்வு.

அந்த மெத்தியோனினுக்கு வேறொரு கதை உண்டு. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற சின்னஞ்சிறு புழுவில், அதே புரதத்தின் 141ஆவது இடத்திலுள்ள மெத்தியோனினை த்ரியோனினாக மாற்றினால் வெட்டும் இடம் தடம் மாறுகிறது என்று 2018இல் வேறோர் ஆய்வுக் குழு காட்டியிருந்தது. அவர்கள் புழுவின் மரபணுப் பிறழ்வுகளில் தேடியபோது கிடைத்தது அது. இவர்கள் ஈஸ்ட்களின் குடும்ப மரத்தில் எண்ணிப் பார்த்தபோது அதே அமினோ அமிலத்தில் வந்து முட்டினார்கள். கிழக்கே இருந்து வந்தவரும் மேற்கே இருந்து வந்தவரும் ஒரே கிணற்றடியில் சந்தித்தது மாதிரி.

இனி அவளுடைய மூன்று வரிகளுக்கு வருகிறேன்.

ஈஸ்ட் அவளுக்கு அந்நியமான உயிர் இல்லை. அவளுடைய பாட்டா பனை ஏறியவர். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். தடவ மறந்தால் நுரைத்துப் புளித்துப் போயிருக்கும். அந்தச் சுண்ணாம்பு தடுத்துநிறுத்துவது ஈஸ்டையும் கூட வரும் பாக்டீரியாவையும்தான். "பாட்டா நுரையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளிக்கும்" என்று அவள் சொன்னபோது, அந்த நுரைக்குள் இருக்கிற உயிரைத்தான் நீ படிக்கப்போகிறாய் என்றேன்.

ஈஸ்டின் முதல் பலம், அளவு. ரொட்டி ஈஸ்டின் மரபணுத்தொகை, அதாவது அதன் மொத்த டிஎன்ஏ, ஏறக்குறைய 1.2 கோடி எழுத்து. நெல்லுக்குச் சுமார் 39 கோடி, வாழைக்கு அதைவிட அதிகம், மனிதனுக்கு 300 கோடிக்கு மேல். ரொட்டி ஈஸ்டில் 6,000 மரபணுக்கள் இருந்தும் மொத்த இன்ட்ரான்கள் 300 அளவில்தான். அத்தனையின் தொடக்க எழுத்துகளையும் சில பக்கங்களில் அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்து ஒரு மத்தியானத்தில் பார்த்துவிடலாம். கணினி சொல்வது சரியா என்று தன் கண்ணாலேயே சரிபார்க்க முடிவது, புதிதாக வருகிற பிள்ளைக்குப் பெரிய விஷயம். வாழையிலும் மனிதனிலும் நிரல் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது பலம்தான் முக்கியம். இயற்கையே இங்கே சோதனையைப் பலமுறை செய்து வைத்திருக்கிறது. ஒரு புரதம் என்ன செய்கிறது என்று அறிய ஆய்வுக்கூடத்தில் அதை நீக்கிப் பார்ப்போம். ஈஸ்ட்களின் வரலாற்றில் பல ஸ்பிளைசிங் புரதங்கள் தானாகவே தொலைந்திருக்கின்றன. தொலைத்த கிளையையும் தொலைக்காத கிளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2018இல் 332 ஈஸ்ட் மரபணுத்தொகைகளும், 2024இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவையும் ஒப்பீட்டு ஆய்வுகளாக வெளியாகிப் பொதுவில் கிடைக்கின்றன. நாகர்கோவிலில் இருந்தபடி இரவோடு இரவாக இறக்கிக்கொள்ளலாம்.

"அதைத்தான் 2023லயே செய்துட்டாங்களே மிஸ்?" சரியான கேள்வி. என் பதில் இது: முதல் மாதம் அதையே சிறிய அளவில் திரும்பச் செய்து பார். நாற்பது சிற்றினம் போதும். தெரிந்த விடை உன் கையில் வருகிறதா என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்தால் உன் வழிமுறை சரி. பிறகு யாரும் அவ்வளவாக நோண்டாத முனைக்குப் போ. இன்ட்ரானின் கடைசி முனை எப்படி? அங்கே ஏஜியை அடையாளம் காணும் புரதம் மனிதனில் யு2ஏஎஃப்35. ரொட்டி ஈஸ்டில் அது கிடையாது. அந்த ஏஜிக்கு முன்னால் கிளைப்புள்ளி என்று ஓர் இடம் உண்டு. ரொட்டி ஈஸ்டில் அது யுஏசியுஏஏசி என்று அநேகமாக எழுத்து மாறாமல் எழுதப்பட்டிருக்கும், மனிதனில் நிறைய மாறுபடும். யாரோவியா லிப்போலிட்டிகா என்று எண்ணெயிலும் கொழுப்பிலும் வளரும் ஓர் ஈஸ்ட் இருக்கிறது. அதில் கிளைப்புள்ளியும் கடைசி ஏஜியும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே நிற்கும். மற்றவற்றில் இடைவெளி விட்டு நிற்கும். எந்தப் புரதத்தின் வரவு, போக்கு, திருத்தம் இந்த இடைவெளியோடு சேர்ந்து நகர்கிறது? நாலு மாதத்தில் முழு விடை வராது. ஆனால் ஓர் எம்எஸ்சி ஆய்வேட்டுக்கு நேர்மையான கேள்வி இது.

ஈஸ்டில் குழிகள் இல்லாமல் இல்லை. மூன்று இருக்கின்றன, மூன்றிலும் பிள்ளைகள் விழுந்து பார்த்திருக்கிறேன்.

முதலாவது உறவுக் குழி. என் வீட்டுத் தெருவில் பத்து வீட்டில் செங்கவருக்கை மாமரம் நிற்கிறது என்று வையுங்கள். பத்தும் ஒரே தாய் மரத்திலிருந்து ஒட்டு எடுத்தவை. பத்து மரத்திலும் பழம் ஒரே ருசி என்பதால், இந்தத் தெரு மண்ணுக்குத்தான் அந்த ருசி என்று சொல்ல முடியுமா? அது பத்துச் சாட்சி அல்ல, ஒரே சாட்சி. ஈஸ்ட்களும் அப்படித்தான். ஒரே மூதாதையில் மெட்டில்16 தொலைந்து, அதன் பிள்ளைகள் நூறும் யு வைத்திருந்தால் அதை நூறு என்று எண்ணக் கூடாது. எத்தனை முறை தனித்தனியாகத் தொலைந்தது என்றே எண்ண வேண்டும். ஜோசஃப் ஃபெல்சன்ஸ்டைன் 1985இலேயே இதைத் தெளிவாகச் சொல்லி, கணக்கிடும் வழியையும் கொடுத்துவிட்டார். இன்றைக்கு ஆர் என்ற கணினி மொழியில் அதற்கான நிரல்கள் இலவசமாகவே இருக்கின்றன. அதைச் செய்யாத ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இரண்டாவது, "இல்லை" என்று சொல்வது. ஒரு புரதம் இருக்கிறது என்று சொல்ல ஒருமுறை கண்டால் போதும். இல்லை என்று சொல்லத்தான் பாடு. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஈஸ்டில் ஒரு புரதம் தொலைந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, மாணவர்களிடம் சந்தோஷமாகச் சொல்லியும் விட்டேன். பிறகு மரபணுத்தொகையையே நேராகத் தேடியபோது, அந்த மரபணு இரண்டு துண்டங்களின் ஓரத்தில் பாதி பாதியாக உடைந்து கிடந்தது. வரிசைப்படுத்தியவர்களின் துண்டுகள் சேராததுதான் காரணம். உயிர் எதையும் தொலைக்கவில்லை. அடுத்த வகுப்பில் போய்த் திருத்திச் சொன்னேன். அன்றிலிருந்து புரதப் பட்டியலில் மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று எழுத யாரையும் விடுவதில்லை. டிஎன்ஏவிலும் தேட வேண்டும்; மரபணுத்தொகை எவ்வளவு முழுமையானது என்று பஸ்கோ போன்ற கருவியால் அளக்க வேண்டும்; நெருங்கிய உறவுச் சிற்றினத்திலும் அது இல்லையா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நிரலின் ஊகம். பல ஈஸ்ட்களில் இன்ட்ரான்கள் எங்கே என்பதை நிரல்தான் ஊகித்திருக்கும். ரொட்டி ஈஸ்டைப் பார்த்துப் பழகிய நிரல், எல்லா ஈஸ்டிலும் ரொட்டி ஈஸ்டின் விருப்பத்தையே தேடும். நாம் எதை அளக்கப் போகிறோமோ அதையே அது முன்கூட்டி முடிவு செய்துவிட்டால் ஆய்வே வீண். ஆர்என்ஏ தரவு உள்ள சிற்றினங்களில் சிலவற்றையாவது எடுத்து ஒத்துப்பார்க்க வேண்டும்.

அடுத்தது மட்டி வாழை. அவள் மனசு உண்மையில் இதில்தான் இருந்தது, எனக்கும் புரிகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுகிற பழம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரட்டைத் தொகை வாழை, அதாவது குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருப்பது. பெரும்பாலான சாப்பாட்டு வாழைகளைப் போல மூன்று தொகுதியாக இருக்கும் சிக்கல் இதில் இல்லை. தாவரத்தில் ஸ்பிளைசிங் படிக்க நியாயமான காரணமும் உண்டு. ஆய்வுக்கூடங்களில் அதிகம் படிக்கப்படும் அராபிடாப்சிஸ் செடியில் ஃபியோ1 பழுதானால் செடி சீக்கிரம் பூத்துவிடுகிறது. அதே டண்டீ குழு 2022இல் இதன் காரணத்தைத் துழாவியபோது, நாலாவது இடத்தில் ஏ உள்ள வெட்டுமுனைகள் கைவிடப்பட்டு, யு உள்ள முனைகளுக்கு வெட்டு நகர்வதைக் கண்டார்கள். பூப்பதைத் தள்ளிப்போடும் மரபணுக்களின் செய்தியும் அதில் சேர்ந்து கலைகிறது. ஒரே ஒரு மெத்தில் குழு, பூக்கும் காலம் வரை எட்டிப் பாய்கிறது. ஓணத்துக்கு ஏத்தன் (நேந்திரன்) வாழைக் குலையைக் கணக்குப்பண்ணி நடுகிற ஊரில் இதைக் கேட்ட பிள்ளைக்கு வாழைமேல் ஆசை வராமல் இருக்குமா?

ஆனால் ஆசையைத் தள்ளிவைத்துப் பார்த்தால் மூன்று தடை. ஒன்று, ஈஸ்டில் போல மெட்டில்16 தொலைந்த கிளையும் தொலையாத கிளையுமாக வாழை இனங்கள் பிரிந்து நிற்கவில்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் ஒப்பீடு எதைப் பிடிக்கும்? இரண்டு, 2012இல் வெளியான வாழை மரபணுத்தொகையிலேயே முழுத்தொகை இரட்டிப்பு மூன்று முறை நடந்த தடம் இருக்கிறது. எந்தப் புரதத்துக்கும் இரண்டு மூன்று படிகள் இருக்கும். எந்தப் படி என்ன வேலை செய்கிறது என்று பிரிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். மூன்று, மட்டியில் வெட்டு எங்கே நடக்கிறது என்று உறுதியாகச் சொல்ல மட்டியின் ஆர்என்ஏ வேண்டும். இலையைக் கிள்ளி உடனே உறையவைத்து, சர்க்கரையும் பிசினும் கலந்து வருவதைச் சுத்தம் செய்து, பிறகு வரிசையிட அனுப்ப வேண்டும். அதற்கான பணமும் குளிர்பெட்டியும் உள்ள இடத்தில் பிஎச்டி செய்யும்போது வாழையை எடு, அப்போது நானே முதலில் கைதட்டுவேன் என்று சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது உண்மை.

மூன்றாவது வரிக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருந்தது. அவர்கள் தெருவில் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒரு சிறுவன். பீட்டா தலசீமியா. இந்தியாவில் இந்த நோய்க்குக் காரணமான பிறழ்வுகளில் மிக அதிகமாகக் காணப்படுவது, ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் மரபணுவில், முதல் இன்ட்ரானில், ஐந்தாவது எழுத்து ஜியிலிருந்து சியாக மாறுவது. நாம் இவ்வளவு நேரம் பேசிய நாலாவது எழுத்துக்கு அடுத்த வீடு. அந்த ஓர் எழுத்து மாறியதும் சரியான இடத்தில் வெட்டு குறைந்து, பக்கத்தில் ஒளிந்திருக்கும் போலி இடங்களில் வெட்டு விழுகிறது. சரியான குளோபின் குறைந்துபோகிறது. "அந்தப் பையனுக்கு ஏதாவது செய்ய முடியுமான்னுதான் மிஸ்" என்றாள். இதற்கு நான் அவசரமாகப் பதில் சொல்லவில்லை.

மனித மரபணுவின் பலம் தரவு. இவ்வளவு தரவு வேறெந்த உயிரிலும் கிடையாது. பிறழ்வுகளின் பொதுப் பட்டியல்கள் இருக்கின்றன. ஓர் எழுத்து மாறினால் வெட்டு எப்படி மாறும் என்று கணிக்கும் ஸ்பிளைஸ்ஏஐ 2019 முதல் இருக்கிறது. மருந்து வரைக்கும் போன பாதையும் இருக்கிறது. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயில் எஸ்எம்என்2 மரபணுவின் ஏழாவது எக்ஸான் விடுபட்டுப்போவதைத் தடுக்க, 2016இல் நுசினெர்சென் அனுமதி பெற்றது. அது இன்ட்ரானில் ஒரு தடுப்புப் புரதம் உட்காரும் இடத்தை மூடிவிடுகிறது. 2020இல் வந்த ரிஸ்டிப்லாம் இன்னும் நேரடியானது: யு1 அந்த எக்ஸானின் முனையைப் பிடிக்கிற பிடியையே இறுக்குகிறது. வெட்டுமுனை விருப்பத்தை ஒரு வாய்மருந்தால் மாற்ற முடியும் என்பது, இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

ஆனால் மனிதனுக்குள் மட்டும் பார்த்தால் அவளுடைய கேள்விக்குப் பதில் வராது. மனிதர்கள் எல்லோரிடமும் ஸ்பிளைசிங் புரதங்கள் ஏறத்தாழ ஒன்றே. மாறுவது வெட்டுமுனை மட்டும். புரதம் மாறினால் விருப்பம் எப்படி மாறும் என்று கேட்கிறவளுக்கு, புரதம் மாறிய உயிர்கள் வேண்டும். தவிர, நோயாளிகளின் மாதிரியைத் தொட வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பித்துப் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகலாம். பொதுத் தரவை மட்டும் வைத்துச் செய்யலாம், செய்யலாம்தான். அப்போது அது மருத்துவ மரபியல் ஆய்வேடாக இருக்கும், நல்ல ஆய்வேடுதான், பரிணாம ஆய்வேடாக இராது. அந்தப் பையனுக்காகச் செய்ய விரும்பினால், மனதாரச் செய். ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே மாற்றி எழுதிவிட்டுச் செய் என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈஸ்டின் நாலாவது எழுத்தைப் படிப்பவருக்கும் அந்தப் பையனுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்பிளைசோசோமின் உள்ளமைப்பு பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஈஸ்டில் முதலில் கண்டது. ஐந்தாவது எழுத்தில் ஜி போய் சி வந்தால் ஏன் இவ்வளவு சேதம் என்று புரிய, பக்கத்திலிருக்கும் நாலாவது எழுத்தை யு6 எப்படிப் பார்க்கிறது என்றும் தெரிய வேண்டும். இது மாணவியைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை இல்லை.

யாருக்கு எது என்று கேட்டால், என் கணக்கு இப்படி. கையில் லேப்டாப் மட்டும், காலம் நாலு மாதம், கேள்வி பரிணாமம் என்றால் ஈஸ்ட். மாதிரிகளைக் கையாளும் ஆய்வுக்கூடமும் இரண்டு மூன்று வருஷமும் உள்ளவர்கள் வாழை அல்லது நெல்லை எடுக்கலாம். நெல்லின் மரபணுத்தொகை 2005 முதலே நல்ல நிலையில் இருக்கிறது. மட்டியைவிட அதில் தொடங்குவது எளிது என்பது என் அபிப்பிராயம். மருத்துவமனையில் வேலைக்குப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு மனித மரபணு. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதிலிருந்து "கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன்" என்று வருகிறவர்களை மட்டும் நான் தடுத்துவிடுகிறேன். நாலு மாதத்தில் இரண்டு தோணியில் கால்வைத்தால் இரண்டும் நகராது.

மெட்டில்16 பற்றியும் ஓர் எச்சரிக்கை. அதற்கு யு6இல் மெத்தில் ஏற்றுவது மட்டும் வேலை இல்லை. மனிதனில், மெத்தில் குழுக்களை வழங்கும் எஸ்ஏஎம் என்ற மூலக்கூறின் இருப்பைச் சீராக வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. புழுவிலோ, அதன் உறவுப் புரதம் ஒரு மரபணுவின் இன்ட்ரானின் கடைசி முனையிலேயே மெத்தில் ஏற்றி, யு2ஏஎஃப்35 அங்கே உட்காரவிடாமல் தடுக்கிறது. ஆகவே அந்த நொதி தொலைந்த ஈஸ்டில் காணும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாலாவது எழுத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து நகர்வதை ஒப்பீடு காட்டும். எது எதை நகர்த்தியது என்று சொல்ல, பிறழ்வு ஆய்வும் அமைப்பு ஆய்வும் துணைக்கு வர வேண்டும்.

"சரி மிஸ், ஈஸ்ட்டே எடுக்கேன்" என்று சொல்லிவிட்டு அன்று கிளம்பினாள். வாழையை விட்டதில் வருத்தம் இன்னும் இருந்தது. முதல் வாரம் இரண்டே சிற்றினம் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்: ரொட்டி ஈஸ்ட், யாரோவியா. இரண்டின் இன்ட்ரான்களையும் பிரித்தெடுத்து, தொடக்கத்தின் ஆறு எழுத்தையும் அடுக்கி, எந்த எழுத்து அதிகமோ அதை உயரமாகக் காட்டும் படமாகப் போட வேண்டும்.

போன ஞாயிறு ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. லேப்டாப் திரையை போனில் பிடித்தது. ஓரத்தில் சிமினி விளக்கின் மஞ்சள் வெளிச்சம், கரண்ட் இல்லை போலும். மேல் வரிசையில் ஜியுஏயுஜியு. கீழ் வரிசையில் ஜியுஜிஏஜியு. மூன்றாவது எழுத்தும் மாறியிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை, நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். நாலாவது எழுத்தைச் சுற்றி விரலால் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். கீழே ஒரே வரி: "மிஸ், மேல யு, கீழ ஏ. நெசமாவே மாறியிருக்கு. பேட்டரி 9 சதவீதம்தான் இருக்கு, மிச்சத்தை காலைல பஸ்ஸுல வச்சுப் பார்க்கேன்."